பசி எடுக்க வைத்த மாத்திரை

மருந்துக்கடையில் நிற்பவனிடம் ஊரே சந்தேகம் கேட்கும். பதிலை மட்டும் காதில் வாங்காது. இந்தத் தொழிலில் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளை மாத்திரை

காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் கடை. அடுத்த கதவு எஸ்.டி.டி. பூத். ஒருநாள் பாண்டி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வள்ளி வந்தாள். ஃபைபர் படகில் கடலுக்குப் போகும் அவள் புருஷன் முருகையனுக்கு ரத்தப் புற்றுநோய். வாராவாரம் பாண்டியில் ஊசி, வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை. "கெட்ட அணு ரத்தத்துல பரவாம இது அமுக்கும்மா. ஆனா ஊசியும் சேர்ந்தாத்தான் அடங்கும்" என்றேன். அவள் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்துனூண்டு மாத்திரையா அண்ணே அதை அமுக்கப் போவுது?"

கன்னம்

அமுக்கியது. அதுதான் வினை. காய்ச்சல் போனது, மூட்டுவலி போனது, முகம் உப்பியது. அவர்கள் தெருவில் உடம்பு தேறியதைக் கன்னத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் சுறாப்புட்டு கொண்டுவந்து கொடுக்க, மனுஷன் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை வாங்க அவரே கடைக்கு வந்தார். ஊசியை விட்டுவிட்டாராம். "இது தேறுன உடம்பு இல்லய்யா, மருந்து வீக்கம், மருந்துப் பசி" என்று கத்தினேன். சிரித்தார்.

"ஊசி போட்டா வாந்தி வருது, மாத்திரை போட்டா பசி வருது. நீங்களா இருந்தா எதை விடுவீங்க?"

பூத்

வள்ளியை வரச்சொல்லி, பூத்திலிருந்து பாண்டி டாக்டரிடம் பேசவைத்தேன். ஊசி இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் அணுக்கள் மாத்திரைக்குப் பழகிவிடும், உடனே கூட்டிவாருங்கள் என்றார். அவள் அழுதுகொண்டே போனாள். ஆனால் கடலில் மீன் நிறையப் படும் நேரம், படகுக்கு ஆள் வேண்டும் என்று வீட்டில் அவரை அனுப்பவில்லை. முருகையனின் அண்ணன் என்னிடமே வந்து சண்டை பிடித்தார்.

"ரெண்டு ஆள் சோறு திங்கிறவன் சீக்காளியாங்க? சும்மா பொம்பளைய பயமுறுத்தாதீங்க."

கும்பிடு

காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை மாத்திரை அதை அசைக்கவில்லை. பாண்டிக்குத் தூக்கிப் போனபோது காரியம் கைமீறியிருந்தது. நல்ல மனுஷன்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து வள்ளி கடைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கடைசியா ரெண்டு மாசம் வயிறு நெறைய சாப்புட்டாரு அண்ணே. உங்க மாத்திரை புண்ணியம்."

கடையில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கும்பிடைத்தான் இன்னும் வாங்கிக்கொள்ள முடியவில்லை.