முட்டை ஓடும் மூடி வைத்த விடையும்

1. சேர்ந்த நாள்

நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக நான் சேர்ந்த அன்று, துறைத் தலைவர் தங்கவேல் சார் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"பார்ட்டிகிள் பிசிக்ஸ்ல பிஎச்.டி.ங்களா மேடம்? ரொம்ப நல்லதுங்க. ஆனா நம்மகிட்ட ஆக்ஸிலரேட்டர்னா காலேஜ் பஸ்ல டிரைவர் மிதிக்கிறது மட்டுந்தானுங்க இருக்குது."

நானும் சிரித்துவிட்டேன். நான் சேலம் டவுன்காரி. ஆய்வுப் படிப்பை வடக்கே ஒரு நிறுவனத்தில் முடித்தவள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிஜ ஆக்ஸிலரேட்டரிலிருந்து, அதாவது பெரிய துகள் மோதுகருவியிலிருந்து, வரும் டேட்டாவை ஆராயும் குழுவில் இருந்தேன். ஒரு கட்டுரையில் ஆசிரியர் பெயர்களே பல பக்கம் ஓடும். என் பெயர் எங்கே என்று அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இங்கே எனக்குக் கொடுத்த வேலை, எம்.எஸ்சி. மாணவர்களின் ப்ராஜெக்டுகளுக்கு வழிகாட்டுவது. ஆய்வகத்தில் இருந்தவை சில மல்டிமீட்டர்கள், ஓர் ஆசிலோஸ்கோப், ஒரு சால்டரிங் அயர்ன். அதன் பிடியும் அடிக்கடி கழன்றுவிடும்.

2. லாரி வாசகமும் ஆராய்ச்சிதான்

கொஞ்ச காலத்தில் கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவிலும் என்னைப் போட்டார்கள். எல்லாத் துறைகளின் திட்டங்களையும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். வேதியியல் துறை ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைப் பற்றி எழுதியிருந்தது. மெக்கானிக்கல் பையன்கள் போர்வெல் ரிக்கின் அதிர்வை அளக்கப் போகிறார்கள். விலங்கியல் துறைக்கு மேட்டூர் அணை மீன். வணிகவியல் மாணவி ஒருத்தி, ராசிபுரத்துச் சேலைக்காரர்கள் வாட்ஸாப்பில் எப்படி விற்கிறார்கள் என்று பார்க்கிறாள். தமிழ்த்துறையில் ஓர் இளைஞர் லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் வாசகங்களைச் சேகரிக்கிறார்.

அவரிடம், "எந்த லாரிகளைப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"டீக்கடையில நிக்கிற லாரிதானுங்க மேடம். நின்னாத்தானே எழுத முடியும்?"

"அப்ப நிக்காமப் போற லாரியில என்ன எழுதியிருக்கும்?"

அவர் யோசித்தார். அடுத்த வாரம் சுங்கச்சாவடிக்குப் போய்விட்டார். அங்கே எல்லா லாரியும் நின்றுதானே ஆக வேண்டும். வேறு வகை வாசகங்கள் கிடைத்தன என்று வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் பழைய குழுவிலும் பார்த்திருக்கிறேன். பொருள் வேறு, கருவி வேறு. 'எனக்கு இது தெரியும் என்று எப்படித் தெரியும்?' என்ற கேள்வி மட்டும் எல்லா அறையிலும் ஒன்றுதான்.

3. கௌசல்யா கொண்டுவந்த கருவி

கௌசல்யா என் எம்.எஸ்சி. மாணவி. சேந்தமங்கலம் பக்கம் அவர்களுக்குக் கோழிப்பண்ணை. முட்டையை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தி, எந்த எடையில் ஓடு விரிசல் விடுகிறது என்று அளக்கும் கருவி செய்தாள். எடையை உணரும் பழைய தராசு லோட் செல் ஒன்று, ஒரு சின்ன மோட்டார், நிறைய பொறுமை. கருவி நன்றாக அமைந்தது.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவளுடைய அத்தை வீட்டுக்காரர் சிவக்குமார் கோழித்தீவன வியாபாரி. முட்டை ஓட்டைப் பலப்படுத்தும் என்று ஒரு புதுத் தூளை அப்போதுதான் விற்கத் தொடங்கியிருந்தார். வழக்கமாகப் போடும் கிளிஞ்சல் தூளுக்குப் பதிலாக இதைப் போட வேண்டும், விலை கூடுதல். முட்டை லாரியில் போகும்போது உடைவதுதான் பண்ணைக்காரர்களின் தீராத தலைவலி என்பதால் பலரும் காது கொடுத்தார்கள். கௌசல்யாவின் அப்பா பழனிச்சாமி தன் பண்ணையில் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் சொன்னார். தங்கை வீட்டுக்காரர் தொழில் நிலைக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது.

இருவரும் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார்கள்.

"கையில எடுத்தாவே தெரியுதுங்க மேடம், ஓடு கல்லு மாதிரி இருக்குது," என்றார் பழனிச்சாமி.

"நம்ம புள்ள மெசின்ல ஒருக்கா அழுத்திக் காட்டிப்போட்டு, காலேஜ் பேர்ல ஒரு வரி எழுதிக் குடுத்துட்டாப் போதுமுங்க," என்றார் சிவக்குமார்.

கௌசல்யா என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

4. மூடி வைப்பது

என் பழைய குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் தேடிய துகள் சிதைவு எந்த இடத்தில் தென்படலாமோ, அந்த இடத்து டேட்டாவை மட்டும் எங்களுக்கே காட்டாமல் மூடிவிடுவோம். பிளைண்ட் அனாலிசிஸ் என்பார்கள். எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதையெல்லாம் முடிவு செய்து, இனி மாற்ற மாட்டோம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் திறப்போம். யாரும் திருடர்கள் என்பதால் அல்ல. விடை தெரிந்தால் நல்லவர்கள் கண்ணும் ஒரு பக்கம் சாயும் என்பதால்.

அதை முட்டைக்கும் செய்யலாம் என்று சொன்னேன். புதுத் தூளும் கிளிஞ்சல் தூளும் பார்க்க ஒன்றுபோல வெள்ளையாகத்தான் இருந்தன. இரண்டையும் ஒரே மாதிரிச் சாக்குகளில் போட்டு, ஒன்றில் சிவப்புக் கயிறு, ஒன்றில் பச்சைக் கயிறு கட்ட வேண்டும். எது எது என்று ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும். அவர் முட்டைப் பக்கமே வரக் கூடாது.

எங்கள் நூலகர் செல்வராணியைக் கேட்டேன். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லை வாங்குவது, தாமதமான புத்தகத்துக்கு அபராதம் கட்டாமல் தப்புவதைவிடக் கடினம். சாக்குகளோடு ஓர் அறைக்குள் தனியாகப் போய், காசைச் சுண்டிப் பார்த்துக் கயிறு கட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

பண்ணையில் ஒரே வயதுக் கோழிகளில் ஒரு கூண்டு வரிசைக்குச் சிவப்பு, அடுத்த வரிசைக்குப் பச்சை. தட்டுத் தட்டாக முட்டைகள் அந்தந்த நிறத்தில் புள்ளி வைத்து வந்தன. உடைந்த முட்டை வீணாகாமல் விடுதிச் சமையலறைக்குப் போனது. அந்தப் பருவம் முழுக்க விடுதிப் பிள்ளைகள் ஆம்லெட் என்றாலே முகம் சுளித்தார்கள்.

5. சிவப்பு முந்தியது

ஆரம்ப வாரங்களில் சிவப்புப் புள்ளி முட்டைகள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கின. செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், சிவப்புதான் புதுத் தூள் என்று பழனிச்சாமி முடிவு செய்துவிட்டார். கோழிகூடச் சிவப்புச் சாக்குத் தூளை விரும்பித் தின்கிறது என்றார்.

சிவக்குமார் நேராக நூலகத்துக்கே போய்விட்டாராம். செல்வராணியே வந்து சொன்னார்.

"'ஏனுங்க மேடம், சிவப்புதானுங்களே நம்முளுது? தலைய மட்டும் ஆட்டுங்க போதும்'னு கேட்டாரு. நான் தலைய ஆட்டாம, நூலகத்துல சத்தம் போடக் கூடாதுங்கன்னு போர்டைக் காட்டினேன்."

ஒருநாள் மத்தியானம் கௌசல்யா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சில சிவப்பு முட்டைகள் மிகக் குறைந்த எடையிலேயே உடைந்திருந்தன.

"மேம், இதுல முன்னாடியே மயிர்க்கோடு விரிசல் இருந்திருக்கும். இதை எடுத்துரலாங்களா?"

"பச்சையில இப்படி உடைஞ்சிருந்தா எடுப்பியா?"

அவள் கன்னம் சிவந்துவிட்டது. பிறகு அவளே எழுந்து போய், விளக்கின் மேல் வைத்து விரிசல் பார்க்கும் பெட்டி ஒன்று செய்தாள். இனி எந்த நிறமானாலும் அழுத்துவதற்கு முன்பே பார்த்து, விரிசல் இருந்தால் தள்ளிவிட வேண்டும். பழைய வாரங்களின் அளவுகளை முழுவதுமாக விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவள் ஆராய்ச்சியாளர் ஆனாள் என்று நினைக்கிறேன்.

6. திறந்த நாள்

முடிவைத் திறக்கும் நாளில் தங்கவேல் சார், பழனிச்சாமி, சிவக்குமார், செல்வராணி எல்லாரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். சிவக்குமார் இனிப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தார்.

கௌசல்யா முதலில் வரைபடத்தைக் காட்டினாள். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. சிவப்பு ஒரு துளி முன்னால் இருந்தது. ஆனால் அது, ஒரே கோழியின் இன்றைய முட்டைக்கும் நாளைய முட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சின்னது. "அளவுப் பிழைக்குள்ளதான் இருக்குதுங்க. வித்தியாசம் இருக்குதுன்னு சொல்ல முடியாதுங்க," என்றாள்.

"ஒரு துளின்னாலும் சிவப்பு முன்னாடிதானே சாமி இருக்குது?" என்றார் அவள் அப்பா.

எல்லாரும் செல்வராணியைப் பார்த்தோம்.

"சிவப்புக் கயிறு கட்டினது பழைய கிளிஞ்சல் தூளுக்கு," என்றார் அவர்.

பழனிச்சாமி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இத்தனை வாரமாகச் சிவப்பு முட்டையை எடுத்துக் கல் மாதிரி இருக்கிறது என்று அந்தக் கை சொன்னதெல்லாம் பழைய தூளைத்தான்.

சிவக்குமார் என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "மேடம், நல்லா இருக்குதுன்னு எழுத வேண்டாமுங்க. இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னும் எழுத வேண்டாமுங்க. நான் இப்பத்தானுங்க தொழில்ல காலு வெச்சிருக்கறேன்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கௌசல்யா பேசினாள்.

"மாமா, உங்க பேரு போட மாட்டேன். தூளோட பேரும் போட மாட்டேன். ஆனா அளந்தத அளக்கலைன்னு சொல்ல முடியாதுங்க மாமா. சிவப்பு உங்குளுதா இருந்து, நெசமாவே நல்லா வந்திருந்தா இதே மெசின நம்பியிருப்பீங்கல்ல?"

சிவக்குமார் எழுந்து போனார். இனிப்புப் பெட்டி மேஜையிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. கடைசியில் தங்கவேல் சார் அதைப் பிரித்து, "மூடி வெச்சதத் திறந்தாச்சுங்க, இதையும் திறந்துருவோம்," என்று ஆளுக்கொன்று கொடுத்தார். கௌசல்யா அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

7. அதற்குப் பிறகு

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், "இவ்வளவு வேலை செஞ்சு, ரிசல்ட் ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார்.

"வித்தியாசம் இல்லைங்கிறதுதாங்க சார் ரிசல்ட்," என்றாள் அவள். அவர், கருவி சரியாக அளக்கிறதா என்று அவள் எப்படிச் சரிபார்த்தாள் என்று கேட்கத் தொடங்கினார். கேள்வி நீண்டுகொண்டே போனது. நல்ல மதிப்பெண் கொடுத்தார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அத்தை சில மாதம் பேசவில்லை. அந்த வருஷப் பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் தனித்தனியாகவே இருந்தன. சிவக்குமார் அந்தத் தூளை விற்பதை ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஆனால் ஓடு பலப்படும் என்று சொல்வதை நிறுத்தினார். மழைக்காலம் முடிந்து ஒருநாள் அவரே கல்லூரிக்கு வந்தார். கையில் வேறொரு தூள்.

"இதையும் மூடி வெச்சுப் பாத்துத் தர்றீங்களா மேடம்? நான் லைப்ரரிப் பக்கம் போக மாட்டேனுங்க."

அதையும் பார்த்தோம். அதிலும் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

கௌசல்யா இப்போது கோவையில் அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அண்மையில் பேசும்போது, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். முடிவு வந்த மறுநாளே அவள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு, தான் பரிந்துரைத்த ஒவ்வொரு பண்ணைக்கும் போயிருக்கிறார். பின்னால் அவளையும் உட்காரவைத்துக்கொண்டு. "நான் சொன்னது தப்புங்க, புள்ள அளந்து பாத்துருச்சு, இது ஒண்ணும் பண்றதில்லைங்க" என்று வாசல் வாசலாகச் சொல்லியிருக்கிறார். மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் ஆச்சரியமாகக் கேட்டாராம்:

"அப்படிங்களா? எங்களுக்கு ஓடு நல்லாப் பலமாத்தானுங்க தெரிஞ்சுது."

புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். மோதுகருவியோ, முட்டை அழுத்தும் தட்டோ, லாரியின் பின்பக்கமோ, எதில் வேலை செய்தாலும் சரி. உங்களுக்குப் பிடிக்காத விடையும் உள்ளே வருவதற்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள். அது வந்துவிட்டால், போய்ச் சொல்ல வேண்டியவர்களிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.