ரபியைப் புதைத்த செல்மா

செல்மா கிராவெட்ஸ் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். அமெரிக்காவின் டோலிடோ நகரத்தில் எங்கள் யூத ஜெப ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவளுக்கு ஷூ கடை இருந்தது. ஊரில் யாருக்குக் கால் ஆணி, யாருக்குத் தட்டைப் பாதம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் ஆலயத்தின் குரு ரபி ஜெரோம் கார்ஃபைன் எப்போதும் பத்தாம் நம்பர் ஷூ கேட்பார். அவர் கால் எட்டரை. "மேடையில பேசுறது பத்தாதுன்னு நடக்கும்போதும் பெரிய மனுஷனா தெரியணுமாம்" என்பாள் செல்மா. சொல்லிவிட்டு, பத்தாம் நம்பர் ஷூவுக்குள் பஞ்சை அடைத்துக் கொடுப்பாள்.

அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. எங்கள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டக் கமிட்டியில் அவள் தலைவி, நான் அவளுக்கு வண்டியோட்டி. கமிட்டியில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவரும் தோட்டத்துக்கே குடிபோய்விட்டார்.

கமிட்டிக்கு மனிதர்களைப் புதைப்பது மட்டும் வேலையில்லை. கடவுளின் பெயர் எழுதிய எந்தக் காகிதத்தையும் நாங்கள் குப்பையில் போடுவதில்லை. கிழிந்த ஜெபப் புத்தகம், நைந்த ஜெபச் சால்வை எல்லாம் ஆலயத்தின் நிலவறையில் சேரும். வருஷத்துக்கு ஒருமுறை, பண்டிகைக் காலம் தொடங்குமுன், அவற்றைக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி, ஜெபம் சொல்லி அடக்கம் செய்வோம். சில மனிதர்களுக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் புத்தகங்களுக்குக் கிடைக்கும்.

இந்த அடக்கத்தில்தான் செல்மாவுக்கும் ரபிக்கும் பகை வந்தது. செல்மாவின் அப்பா லேசர் எங்கள் ஆலயத்தில் ஜெபங்களைப் பாடி நடத்தியவர். அற்புதமான குரல். ஆனால் ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மெட்டுகளையெல்லாம் தன் கையாலேயே எழுதி, தோல் அட்டை போட்டு, பித்தளைக் கொக்கி வைத்த புத்தகமாக ஆலய அலமாரியில் வைத்திருந்தார். அவர் இறந்த வருஷம், அலமாரியை ஒழித்த புண்ணியவான் யாரோ அதையும் கிழிந்த புத்தகங்களோடு சேர்த்துவிட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் செல்மா வந்து தேடியபோது அது மண்ணுக்குள் இருந்தது. தோண்டி எடுக்க அனுமதி கேட்டு ரபியின் வாசலில் நின்றாள். "ஜெபம் சொல்லி மூடின குழி மூடினதுதான், செல்மா. ராஜா கிரீடமே உள்ள கெடந்தாலும் தொறக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது போதாதென்று கமிட்டி விதியாகவும் எழுதி வைத்தார். கமிட்டித் தலைமை சம்மதிக்காமல் தோட்டத்தில் யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

வேறொருத்தியாக இருந்தால் ஆலயத்தை மாற்றியிருப்பாள். செல்மா இடத்தை மாற்றினாள். அதுவரை பின்வரிசையில் உட்கார்ந்தவள் முன்வரிசைக்கு வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ரபி பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமும்போது, கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, அதன் கண்ணாடித் தாளை மெல்ல மெல்லப் பிரிப்பாள். பிரசங்கம் முடியும்வரை பிரிப்பாள். பன்னிரண்டு வருஷம் ரபி அந்தச் சரசரப்போடு போட்டி போட்டுப் பேசினார். கமிட்டித் தலைமையையும் போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

ரபி ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. மாநிலத்தின் தென்கோடியில் ஒரு காப்பகம் இருக்கிறது. அமெரிக்க ரபிகள் எழுதியது, கிறுக்கியது, சண்டை போட்டது எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் அடுக்கி, வருங்கால ஆராய்ச்சியாளர்களுக்காகக் காத்து வைப்பார்கள். ரபிகளுக்கு அது இரண்டாவது சொர்க்கம். முதலாவதில் இடம் கிடைக்குமா என்பதில் அவர்களுக்கே சந்தேகம் என்பதால் இதற்குப் போட்டி அதிகம். பக்கத்து ஊர் ரபி ஸ்டைனருக்கு அங்கே இருபத்திரண்டு பெட்டி. கார்ஃபைனால் இதைத் தாங்க முடியவில்லை. பிரசங்கங்கள், கல்யாணப் பேச்சுகள், ஆலய நிர்வாகத்தோடு போட்ட கடிதச் சண்டைகள், பல் மருத்துவர் அனுப்பிய நினைவூட்டல்கள் வரை திணித்து இருபத்து மூன்று பெட்டி தேற்றினார். "எல்லாத்துக்கும் நகல் ஒண்ணு எடுத்து வச்சுக்கலாமே" என்று அவர் மனைவி சொன்னாளாம். "மூலம் இருக்கும்போது நகல் எதுக்கு?" என்றாராம் மகான்.

பஸ்கா பண்டிகை முடிந்தால் எங்கள் ஊரில் மாட்ஸா அப்பம் வந்த அட்டைப் பெட்டிகள்தான் மிச்சம். எதைக் கட்டுவதென்றாலும் அதில்தான் கட்டுவோம். ரபியும் அதில்தான் கட்டினார். நிலவறையில் பாய்லருக்கு வலப்பக்கம் அடுக்கினார். இடப்பக்கம் புதைக்க வேண்டிய பெட்டிகள், அதே மாட்ஸா பெட்டிகள். வலப்பக்கம் குழாய் சொட்டுகிறதென்று ஒருநாள் அவரே பக்கம் மாற்றி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடக்கம் செய்யும் நாளில் செல்மா இடப்பக்கம் கை காட்டினாள், நான் தூக்கினேன். "என்ன செல்மா, இந்த வருஷம் இவ்வளவு கனக்குது?" என்றேன். "ஜனங்க அதிகமா ஜெபம் பண்ணிக் கிழிச்சிருக்காங்க, மார்வின். நீயும் கொஞ்சம் பண்ணா ஒடம்புக்கு நல்லது" என்றாள். புதைத்தோம். ஜெபம் சொன்னோம்.

அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து கமிட்டிக்கு ஒரு பெண் போன் செய்தாள். வண்டி அனுப்பி எடுத்துப்போன பெட்டிகளில் கிழிந்த ஜெபப் புத்தகமாகவே இருக்கிறதாம்.

"ரபி கார்ஃபைன் எதுலயுமே இல்லையே, மேடம்?"

செல்மாவுக்கு விளங்கிவிட்டது. "அவரப் போன வாரம் பொதச்சிட்டோம்மா" என்றாள்.

"ஐயோ! எங்களுக்குத் தெரியாதே. எப்போ தவறினாரு?"

"தவறினது அவரில்ல, நான்தான். அவரு நல்லாத்தான் இருக்காரு. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு."

செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பழி தீர்த்துவிட்டாள் என்று பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் காறித் துப்பினார்கள். அவள் தெரிந்து செய்யவில்லை, நான் சாட்சி. ஆனால் தெரிந்த பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதற்கும் நான்தான் சாட்சி.

மறுநாள் காலை ரபி கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்டார், கக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தோடு. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"செல்மா, பாரும்மா, தெளிவா எழுதியிருக்கு. தவறுதலா பொதச்சது பொதச்சதே ஆகாது. தோண்டலாம். நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

செல்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் புஸ்தகம் ஒங்க அலமாரில இல்லையா, ரபி?"

அவர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மழ வரப்போகுது. அட்டப் பெட்டி தாங்காது. எனக்கு ரெண்டு வேணும். மொதல்ல, எங்கப்பா விஷயத்துல தப்பாத் தீர்ப்பு சொன்னேன்னு எழுதிக் குடுங்க. அந்தக் காகிதம் ஒங்க மொதப் பெட்டியில எல்லாத்துக்கும் மேல இருக்கணும். ரெண்டாவது, எங்கப்பா குழியையும் தோண்டணும்."

ரபி என் வண்டியின் முன்மூடியில் வைத்து எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கம் போயிற்று. அதில் நான்கு பண்டைய பண்டிதர்களின் மேற்கோள். செல்மா வாங்கிப் படித்தாள்.

"இதுல தப்பு பண்ணது யாருன்னே தெரியல. நாலு வரி போதும். கஷ்டந்தான், முயற்சி பண்ணுங்க."

மூன்றாம் தடவையில்தான் அது நான்கு வரிக்கு அடங்கியது. இருபத்து மூன்று பெட்டிக் காகிதத்தில், தான் செய்தது தப்பு என்று அந்த மனிதர் எழுதிய ஒரே காகிதம் அதுதான் என்று நான் பந்தயமே கட்டுவேன்.

தோண்டினோம். ரபியின் பெட்டிகள் ஓரம் ஈரமாகி இருந்தன, உள்ளே எல்லாம் பத்திரம். பல் மருத்துவர்கூட ஒரு குறையுமில்லாமல் வெளியே வந்தார். ரபி ஒவ்வொரு பெட்டியையும் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு பழைய குழி. அங்கே புத்தகம் எதுவும் இல்லை. கறுத்த சேறு. பன்னிரண்டு வருஷம் மண் தன் வேலையைச் செய்திருந்தது. செல்மா மண்டியிட்டு, கையை விட்டுத் துழாவினாள். வெகுநேரம் துழாவினாள். ஒரு பித்தளைக் கொக்கி வந்தது, அவ்வளவுதான். அதை அவள் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அன்றைக்கே தோண்டியிருந்தால் ஒரு பக்கம்கூடக் கெட்டிருக்காது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ரபி என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கவில்லை. எங்கள் அடக்கத்தில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. நான் மண்ணில் குத்தி வைத்தேன், அவர் பிடுங்கிக்கொண்டார். முதல் மண்ணை வழக்கப்படி மண்வெட்டியின் புறப்பக்கத்தால் தள்ளினார். எண்பது வயதில், பஞ்சடைத்த ஷூவெல்லாம் சேறாக, தனியாகவே அந்தக் குழியை மூடினார். மூடிவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்தார்.

"செல்மா... அன்னிக்கும் எனக்குத் தெரியும். தோண்டலாம்னு தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்கப்பா பாட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. அவரு முடிக்கும்போது ஜனங்களுக்குப் பசி வந்துடும். நான் மேடை ஏறினா கடிகாரத்தப் பாப்பாங்க. அவரு பாட்டக் கேட்டு அழுதவங்க என் பேச்சக் கேட்டுக் கொட்டாவி விட்டாங்க. அந்தப் புஸ்தகம் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்னு தோணிச்சு. அவ்வளவுதாம்மா."

மழை தூற ஆரம்பித்தது. செல்மா எழுந்து, கொக்கியைக் கைப்பையில் மிட்டாய்களுக்கு நடுவே போட்டாள். அந்த நான்கு வரிக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அதையும் எழுதுங்க" என்றாள்.