மாமாவுக்கு ஒரு சொட்டு, நாய்க்கு ஒரு சொட்டு

என் மாமனாருக்குக் கண்புரை அறுத்து வந்த வாரம்தான் எங்கள் நாயை நண்டு கடித்தது. வலையிலிருந்து கழித்துப் போட்ட நண்டை மூக்கால் தள்ளி விளையாடப் போனது. நண்டு கொடுக்கை நீட்டிக் கருவிழியில் கீறிவிட்டது. இன்னொரு கண்ணைக் குட்டியிலேயே காக்கை கொத்திவிட்டதால் மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான். பாம்பன் கரையில் யாருக்கும் அடங்காத அந்த நாட்டு நாய் மாமாவுக்கு மட்டும் அடங்கும். மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

இலவசக் கண் முகாமில் மாமாவுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை நான்தான் வேளை தவறாமல் விடுவேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், அதற்கு அவ்வளவு மரியாதை.

“கண்ணு கண்ணுதான தாயி. எனக்குக் கேட்ட மருந்து அதுக்குக் கேக்காதா?” என்றார் மாமா.

எனக்கும் சரியென்றே பட்டது. பத்தாவது வரை படித்த மகராசி நான், புட்டியில் எழுதியிருந்ததையாவது படித்திருக்கலாம். படிக்கவில்லை. மாமாவுக்கு ஒரு சொட்டு, நாய்க்கு ஒரு சொட்டு என்று ஆறு நாள் விட்டேன். மாமா சுவரில் ஊரும் எறும்பை எண்ண ஆரம்பித்தார். நாயின் கண்ணோ வெளுத்துப்போய், அது வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றது.

ராமநாதபுரத்து மாட்டு டாக்டர் பார்த்ததும் முகம் மாறினார். “கருவிழி கரையுதும்மா. இங்கன பாக்குற வைத்தியத்துல இது தீராது. மெட்ராசுல கண்ணுக்குன்னே தனி டாக்டர் இருக்காங்க, உடனே கொண்டு போங்க. முன்னாடி எதுவும் மருந்து விட்டீங்களா?”

“இல்ல சார்,” என்றேன். திட்டு வாங்கப் பயந்து சொன்ன பொய், வாய் கூசாமல் வந்தது. பக்கத்தில் நின்ற மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

“நாய்க்கு மெட்ராசா? அப்படியே ஒரு கூலிங் கிளாசும் வாங்கிட்டு வாங்க,” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனால் மீன் லாரி டிரைவரிடம் சொல்லி எங்களை ஏற்றிவிட்டதும் அவர்தான். வழியெல்லாம் மாமா நாயை மடியில் வைத்து, கண்ணில் வடிவதை வேட்டி முனையால் ஒற்றிக்கொண்டே வந்தார்.

சென்னையில் பார்த்த கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். சாயம் தோய்த்த காகிதத் துண்டை நாயின் கண்ணில் ஒற்றி, நீல விளக்கைப் பிடித்தார். கருவிழியின் நடுவில் புண் பச்சையாக மின்னியது.

“வெறும் கீறல் இவ்வளவு தூரம் போகாதே. என்ன மருந்து விட்டீங்க? அது தெரிஞ்சாத்தான் நான் காப்பாத்தப் பார்க்க முடியும்.”

மாமாவுக்குப் பகலில் விட வேண்டிய மருந்து என் பைக்குள்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன். 

அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “ஆபரேஷன் செஞ்ச கண்ணுக்கு இது நல்ல மருந்துதாம்மா. புண்ணு இருக்கிற கண்ணுல விட்டா ஆற விடாது.”

“நாந்தான் விடச் சொன்னேன். எம் மருமகளை வையாதீக,” என்றார் மாமா. டாக்டர் வையவே இல்லை. வைதிருந்தால் தேவலை என்றிருந்தது. அங்கேயே அழுதேன்.

நாயின் ரத்தத்தை எடுத்து, அதில் தெளிந்த நீரையே அதற்குச் சொட்டு மருந்தாக்கிக் கொடுத்தார்கள். பிறகு நாய்க்கு மூன்றாவதாக இருக்கும் உள் இமையை இழுத்து, மருந்து விட ஓரத்தில் மட்டும் இடம் விட்டு, கண்ணை மூடித் தைத்தார்கள். காசிமேட்டில் அக்கா வீட்டில் மூன்று வாரம் கிடந்தோம். நாய் கண்ணைப் பிறாண்டாமலிருக்க பிளாஸ்டிக் வாளியை அடி அறுத்துக் கழுத்தில் மாட்டினோம். கொடுத்த மருந்தையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் விட்டேன்.

தையல் பிரித்த அன்று கண்ணில் வெள்ளைத் தழும்பு இருந்தது. பார்வை இருக்கிறதா என்று அறிய டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையை நாயின் முன்னால் மேலிருந்து போட்டார். பஞ்சுக்குச் சத்தமில்லை, வாசனையில்லை. கண் தெரிந்தால்தான் தலை திரும்பும். திரும்பவில்லை. மறுபடி போட்டார். நாய் கொட்டாவி விட்டது. 

“பஞ்சை அது என்னத்துக்குப் பாக்கப் போகுது?” என்று மாமா எழுந்தார். எதிரே போய் நின்று, பேச்சே இல்லாமல், வெறுங்கையை ஓங்கி மீன் வீசுவதுபோல் வீசினார். நாயின் தலை அந்தக் கையோடு மேலே போய், சுவர்ப் பக்கம் இறங்கியது. மீனைக் காணோமே என்று தரையைத் தேடியது. அப்புறம் நிமிர்ந்து மாமாவை முறைத்தது.

“என்னையத் தெரியுது தாயி. அதுக்கு என்னையத் தெரியுது,” என்றார். மூன்று வாரத்தில் அன்றுதான் நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.