முதல் நாள் முடிச்சு

முல்லைத்தீவு, 1979.

நான் குடியை விட்டுப் பதினொரு நாள். வெளியூர் என்றால் பயம் கூடுதல், அங்கே என்னைத் தடுக்க ஆளில்லை. பஸ்ஸால் இறங்கியதும் வெட்கத்தை விட்டுத் தேநீர்க்கடையில் விசாரிக்கிறேன்: குடியை விட்டவர்கள் இந்த ஊரில் கூடுகிறார்களாமே? கடைக்காரர் முகம் சுளிக்காமல் கடற்கரைப் பக்கம் கை காட்டுகிறார்.

இன்று ஞாயிறு. மாதா கோயில் பூசை நாள் என்பதால் இங்கே ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. சும்மா இருக்கிற அந்த ஒரு நாள்தான் குடிக்கிற நாளும். அதனால் கூட்டத்தையும் அன்றைக்கே வைத்திருக்கிறார்கள். மீனவர் தங்கும் ஓலை வாடிக்குள் ஏழு பேர் ஒரே வலையைச் சுற்றியிருந்து கிழிசல் பொத்துகிறார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் குடிக்கதையைச் சொல்கிறார்கள்; சொல்கிறவரும் கையை நிறுத்துவதில்லை. சூசை என்பவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, வலையூசியை நீட்டுகிறார்.

"எனக்கு வலை பொத்தத் தெரியாது. கையும் நடுங்குது."

"நடுங்கட்டும் அண்ணை. இங்க எல்லாருக்கும் நடுங்கின கைதான்."

ஒரு முடிச்சுப் போடுகிறேன். புளியங்கொட்டை அளவில் கோணலாக நிற்கிறது. வெட்டிவிடக் கத்தியைத் தேடுகிறேன். சூசை என் கையைப் பிடித்துக்கொண்டு, வலையின் மறுபக்கத்தை இழுத்து அதைவிட அசிங்கமான ஒரு முடிச்சைக் காட்டுகிறார்.

"இது நான் வந்த முதல் நாள் போட்டது. ரெண்டு வருசமாக் கடலுக்குப் போய் வருது. இன்னும் அவிழேல்லை."

ஊசியில் நூல் மிச்சம் இருக்கிறது. அடுத்த கிழிசலைக் கையிலெடுத்து, என் பெயரைச் சொல்லி என் கதையைத் தொடங்குகிறேன்.