மருந்தடிக்கும்போது கட்டும் துண்டு

பாபநாசம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு உடல்நலக் கல்வியும் நான்தான் எடுக்கிறேன். போன வருஷம் மின்சிகரெட்டைப் பற்றிப் பேசும்போது எனக்கு வாய் நீண்டுவிட்டது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும், மாம்பழ வாசனை வரும், இழுத்தால் தொண்டை குளுகுளுவென்று இருக்கும் என்று அடுக்கினேன். பயமுறுத்தப் போய் விளம்பரம் செய்துகொண்டிருந்தேன்.

முதல் பெஞ்சு மாணவி எழுந்தாள். "தொண்டை குளுகுளுன்னு இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. துபாய் வேலையை விட்டுவிட்டு வயலைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் சொன்னது அது. சிகரெட்டை விட்டவர், பதிலுக்கு இதைப் பிடித்துக்கொண்டார். கேட்டால், "புகையா விடுறேன்? வெறும் ஆவிதானே" என்பார். ஊருக்கு உபதேசம் செய்யப் போன இடத்தில் பொய்யும் சொன்னது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை குறுவைப் பயிருக்கு மருந்தடிக்கக் கிளம்பினார். வழக்கம்போல மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டைக் கட்டினார்.

"துண்டு எதுக்குங்க? மருந்துலயும் புகை வராதே, வெறும் ஆவிதானே" என்றேன்.

"நெஞ்சுக்குள்ள போயிடாதா?" என்றவர் அப்படியே நின்றார். நானும் மேலே பேசவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

மதியம் வந்து குளித்துவிட்டு, அந்த மின்சிகரெட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "தூக்கிப் போட்டுடு. திரும்பக் கேட்டாலும் குடுக்காத."

"ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லிக்க. நீ சொல்லாம இருக்கவா போற?"

நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இரவு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் உண்மையைச் சொன்னேன். புத்தகத்தில் இல்லை, எங்கள் வீட்டில் இருந்தது, இப்போது இல்லை என்றேன். துண்டு கட்டிய கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் மருந்தடிக்கிறார்கள்.

மணி அடித்ததும் அந்த மாணவி மேசை அருகே வந்தாள். "எங்க அண்ணன்கிட்டயும் ஒண்ணு இருக்கு டீச்சர். அதுக்குத்தான் அன்னைக்குக் கேட்டேன்."

அடுக்கிக்கொண்டிருந்த நோட்டுகளை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"நாளைக்கு எங்க வயல்ல மருந்தடிக்கிறாங்க. அண்ணன்தான் அடிக்கும். துண்டைக் கட்டுறப்ப நான் கேக்குறேன்."