மேக்கணக்கு ஏறாத ஆட்டோ

நீ விற்கிற வண்டியை நீ ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. தலவாக்கலை டவுனில் கூடாரம் போட்டு, டை கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் கத்தி எனக்கு மின்சார ஆட்டோவை விற்றாயே, உன்னைத்தான் சொல்கிறேன்.

ஆட்டோ எதற்கு என்று அன்றைக்கே சொன்னேன். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் என் மனைவியின் முழங்கால் போய்விட்டது. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். தோட்டத்துப் பிரிவை நாங்கள் கணக்கு என்போம். எங்கள் லயம், அந்த வரிசை வீடுகள், இருப்பது உச்சியில், மேக்கணக்கில். பஸ் கீழே பாலத்தோடு நின்றுவிடும். மிச்ச ஏற்றம் முழுக்க அவள் கம்பு ஊன்றித்தான் வருவாள்.

நீ பாட்டுப் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். பெட்டரி எங்கே என்று கேட்டேன். முன்னால் திறந்தாய், துடைக்கிற துணி இருந்தது. பின்னால் திறந்தாய், டயர் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த மரக்கறி லொறி டிரைவர்தான் சீட்டைத் தூக்கிக் காட்டினார். அதைத்தான் சொல்ல வந்தேன் என்று வெட்கமில்லாமல் சொன்னாய். நான் அப்போதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சிவப்பு பெயின்டைப் பார்த்துப் பல்லிளித்த கழுதை நான்.

"தம்பி, மேக்கணக்கு ஏறுமா?" என்று கேட்டேன்.

"மேல்கணக்கெல்லாம் ஒண்ணும் ஏறாதுங்க ஐயா. சொன்ன விலைதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் பில்லைக் கேட்கவில்லை, மலையைக் கேட்கிறேன் என்று விளக்கினேன். வளைவுகளைக் கையால் வளைத்தே காட்டினேன். நீ கையிலிருந்த கலர் விளம்பரத் தாளைப் புரட்டினாய். அதில் கடற்கரைதான் இருந்தது.

"பறக்கும் ஐயா" என்றாய்.

பறந்தது. மூன்றாவது வளைவு வரை. அங்கே முனகி நின்று, பின்னால் உருளப் பார்த்தது. பின்னால் இருந்த என் மனைவி இறங்கி, சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு முழங்கால் போச்சு. இதுக்கு என்னங்க போச்சு?"

உனக்குப் போன் போட்டேன். வேறு ரோடு இல்லையா என்று கேட்டாய். இன்னொரு மலையா கட்டி வைத்திருக்கிறோம்? பிறகு யோசித்து, பின் சீட்டில் ஆளில்லாமல் போனால் ஏறும் என்றாய். அது சரிதான், ஏறுகிறது. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் பாலம் வரை அவள் ஆட்டோவில் வருகிறாள். அங்கிருந்து கம்போடு நடக்கிறாள், நான் வெறும் ஆட்டோவை அவள் பக்கத்திலேயே ஊர்ந்து ஓட்டுகிறேன். பாட்டுப் பெட்டி மட்டும் நன்றாக வேலை செய்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடி நிரையில் நின்று, சாமி ஊர்வலம் வருகிறது என்கிறார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள்.

அன்று நீ சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. அதையும் தெரியாமல்தான் சொன்னாய்: ஒண்ணும் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடாரம் போடுகிறாயாம். அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதே ஒலிபெருக்கியில், டவுனே கேட்கச் சொல்: இவளை உட்காரவைத்துக்கொண்டு இந்த ஆட்டோ மேக்கணக்கு ஏறுமா, ஏறாதா? தாளைப் பார்க்காமல் சொல்.