ஒதுங்க ஓர் இடம்

சித்தப்பா கல்யாணம் முடிந்த தை மாதம் சிறுமலைக்கு நடந்தோம். மேலே குலசாமிக்குப் பொங்கல். அப்போது பஸ் கிடையாது. தாத்தாவும் அப்பாவும் சித்தப்பாவும் முன்னால். அம்மா, புதுச் சித்தி, நான் பின்னால்.

சித்தி திண்டுக்கல் டவுன்காரி. அவள் பிறந்த வீட்டில் கக்கூஸ் உண்டு. எங்களுக்குக் காடுதான்.

தூக்குவாளித் தண்ணீர் அவள் கையில். நான் கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். அவள் ஒரு வாய் குடிக்கவில்லை.

பாதி ஏற்றத்தில் அவள் நடை மாறியது. முகம் வேர்த்தது.

"பாப்பா, ஒதுங்க எங்கயாச்சும் இடம் இருக்கா?" என்றாள் என் காதில்.

எங்கள் வீட்டில் அதற்கு 'வெளிக்கு' என்றுதான் சொல்வோம். ஒதுங்குவது என்றால் எனக்கு வெயிலுக்கும் மழைக்கும்தான். டவுன் உடம்பு, வெயில் தாங்கவில்லை என்று நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துப் போய், ஆண்கள் உட்கார்ந்திருந்த நாவல் மரத்தடியில் நிறுத்தினேன்.

"தாத்தா, செத்த நகருங்க. சித்தி இங்க ஒதுங்கணுமாம்."

யாரும் சிரிக்கவில்லை. தாத்தா மலையைப் பார்த்தார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்தார். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மா வந்தாள். பொங்கல் அடுப்புக்குக் குழி வெட்டக் கொண்டுவந்த களைக்கொத்தைக் கூடையிலிருந்து உருவினாள். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். சித்தி ஓடையோரப் புதரைக் காட்டினாள். அம்மா விடவில்லை.

"அங்க வேணாம் தாயி. கீழ நம்ம ஊரே குடிக்கிற தண்ணி. இன்னுஞ் செத்த பல்லைக் கடிச்சுக்க."

ஓடைச் சத்தம் கேட்காத சரிவு வரைக்கும் நடத்திப் போனாள். குழி வெட்டிக் கொடுத்தாள். என்னை வழியில் காவல் வைத்தாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள். காட்டில் யாரும் அப்படி மூடி நான் பார்த்ததில்லை.

மேலே போனதும் தாத்தா களைக்கொத்தைக் கேட்டார்.

"காம்பு ஆடுது மாமா. கல்லக் கூட்டி அடுப்பு வச்சுக்குவோம்" என்றாள் அம்மா.

காம்பு ஆடவில்லை. சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் கையை அழுத்தினாள்.

இறங்கும்போதும் தண்ணீரை எனக்கே நீட்டினாள். அவள் உதடு வெடித்திருந்தது. தாகமே இல்லை என்றாள்.

அவள் பங்கையும் நானே குடித்தேன். சித்திக்கு என்மேல் அம்புட்டுப் பிரியம் என்று ஊர் வந்ததும் எல்லோரிடமும் சொன்னேன்.